கிடா மாறினால் கிடை பிழைக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆடு வளர்க்கும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



ஆடு வளர்ப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு என்று தலைவி அக்கா சொன்னார்கள். "கடன் வாங்கினேன், ஆடு வாங்கினேன், முன்னேறினேன்"னு சொல்லிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நடந்தது அப்படி இல்லை. நடுவில் நான் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தேன். அந்தப் பள்ளம் இங்கே இருக்கிற பாதிப் பேர் வீட்டுத் தொழுவத்திலும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்த மேடையில் நான் ஏறியதற்கே அர்த்தம் இல்லை. கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012-ல் அரசாங்கம் கொடுத்த விலையில்லா ஆடு நாலு எனக்குக் கிடைத்தது. 2014-ல் குழுவில் முப்பதாயிரம் ரூபாய் கடன் எடுத்து எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் மறிகள் வாங்கினேன். எல்லாம் வேம்பூர் ஆடு. நாம் பொட்டு ஆடு என்று சொல்வோமே, வெள்ளை உடம்பில் செவலைத் திட்டுத் திட்டாக, நெடுநெடுவென்று உயர்ந்து, காது தொங்கிக்கொண்டு இருக்குமே, அதுதான். கிடாவுக்கு மட்டும் காசு போதவில்லை. அதனால் என்ன, நம்ம வீட்டில் பிறந்த கிடாக்குட்டி ஒன்று துடியாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். என் மகள் அதற்கு ராசா என்று பெயர் வைத்தாள்.

மூன்று வருடம் நன்றாகத்தான் போனது. 2017-ல் என் பட்டியில் இருபத்தொன்பது மறி. தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. ராசாவுக்கு வயதாகிறதே என்று அதை விற்றுவிட்டு, அதற்குப் பிறந்த கிடாவையே அடுத்த கிடாவாக நிறுத்தினேன். மகள் அதையும் ராசா என்றுதான் கூப்பிட்டாள். சின்ன ராசா.

2019-ல் ஆரம்பித்தது. குட்டி பிறக்கும்போதே நோஞ்சானாகப் பிறந்தது. ஒன்று எழுந்து நிற்கவே அரை நாள் ஆனது. ஒன்றுக்குக் கீழ்த்தாடை குட்டை, தாய் மடியைப் பிடிக்க முடியவில்லை. நானும் மகளும் சங்கில் பால் ஊற்றிப் பார்த்தோம். நாலாம் நாள் போய்விட்டது. நாலைந்து மறி சினையே பிடிக்கவில்லை. எட்டுக் குட்டி ஒரே ஈற்றில் செத்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கண்ணேறு என்று நினைத்தேன். தொழுவ வாசலில் மிளகாயும் எலுமிச்சையும் கட்டினேன். குலசாமிக்கு நேர்ந்தேன். குடற்புழு மருந்து கொடுத்தேன், ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டேன். மருந்தில் குறை இல்லை, தீனியில் குறை இல்லை. ஆனாலும் குட்டி தேறவில்லை.

மூன்று மாதத் தவணை நின்றது. குழுக் கூட்டத்துக்கு வரும்போது முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு கடைசியில் உட்கார்வேன். என் பங்கை மற்ற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கட்டினார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மூன்று மாதம் நான் சாப்பிட்ட சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அப்போது கால்நடை மருத்துவர் ஐயா ஒருவர் தடுப்பூசி முகாமுக்கு வந்தார். செத்த குட்டியைப் பார்க்கவில்லை, மடியைப் பார்க்கவில்லை. முதலில் கேட்ட கேள்வியே, "இந்தக் கிடா எங்கம்மா பிறந்தது?"

"நம்ம வீட்லதான் சார்."

"அதுக்கு முந்தின கிடா?"

"அது இதோட அப்பன் சார். அதுவும் நம்ம வீட்லதான்."

"மறி எல்லாம்?"

"பாதி அதோட அக்கா தங்கச்சி. மீதி இதுக்குப் பிறந்தது."

சொல்லும்போதே எனக்கு நாக்கு குழறியது. அவர் சிரிக்கவில்லை. "உங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் புள்ளைத்தாச்சிகிட்ட சொந்தத்தில் கல்யாணமான்னு ஏன் கேட்கிறாங்க? அதேதான் இது" என்றார்.

அவர் சொன்னதையும், அதற்கப்புறம் நான் போன பயிற்சியில் படித்ததையும் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

செம்மறியாட்டுக்கு இருபத்தேழு சோடி குரோமோசோம். மனிதருக்கு இருபத்து மூன்று சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. இதை இரண்டு கணக்கு நோட்டு என்று வைத்துக்கொள்வோம். நம் குழுவில் ஊக்குநர் ஒரு நோட்டு எழுதுகிறார், பிரதிநிதி ஒரு நோட்டு எழுதுகிறார். ஒன்றில் ஒரு பக்கம் கிழிந்தாலும் இன்னொன்றைப் பார்த்துக் கணக்கைச் சரி செய்துவிடலாம். எந்த ஆடானாலும், எந்த மனிதரானாலும் எங்கோ சில பக்கம் கிழிந்துதான் இருக்கும். அது வெளியே தெரியாது, ஏனென்றால் இன்னொரு நோட்டில் அந்தப் பக்கம் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு நோட்டையும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதியிருந்தால்? கிழிந்த பக்கம் இரண்டிலும் கிழிந்துதான் இருக்கும். தகப்பன் கிடா தன் மகளையே சேர்ந்தால், பிறக்கிற குட்டிக்கு நாலில் ஒரு பங்கு நோட்டு இப்படி இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அக்கா மகளைக் கட்டும் நம் வழக்கத்தில் எட்டில் ஒரு பங்கு. என் பட்டியில் இரண்டு தலைமுறை இது நடந்தது.

இன்னொரு கணக்கும் அவர் போட்டுக் காட்டினார். அதுதான் என்னை உலுக்கியது. "உன் பட்டியில் எத்தனை ஆடும்மா?" என்றார். "முப்பது சார், இருபத்தொன்பது மறி, ஒரு கிடா" என்றேன். "கையால் எண்ணினால் முப்பது. ரத்தக் கணக்கில் எண்ணினால் நாலு" என்றார்.

அது எப்படி? கிடா எண்ணிக்கையையும் மறி எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்த ஆட்டால் வகுக்க வேண்டும். ஒன்றை இருபத்தொன்பதால் பெருக்கினால் 29. நாலால் பெருக்கினால் 116. முப்பதால் வகுத்தால் நாலுக்கும் கொஞ்சம் குறைவு. ஏனென்றால் அடுத்து வருகிற குட்டி அத்தனைக்கும் பாதிச் சொத்து அந்த ஒற்றைக் கிடாவிடமிருந்தே வருகிறது. மறியை நூறாகக் கூட்டினாலும் ஒரு கிடா இருக்கும்வரை அந்தக் கணக்கு நாலைத் தாண்டாது. ஒரு இனம் பல தலைமுறை கெடாமல் நிற்க அந்த எண் ஐம்பதாவது இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். நான் நாலு ஆட்டை வைத்துக்கொண்டு முப்பது ஆடு இருக்கிறது என்று இறுமாந்திருந்தேன்.

இது ஒரு தப்பு. நான் செய்த இரண்டாவது தப்பு இதைவிடப் பெரிது. இதை நீங்களும் செய்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

வியாபாரி வீட்டு வாசலுக்கு வருகிறார். எந்தக் குட்டியைக் கேட்கிறார்? நன்றாகத் தெறித்து நிற்கிற குட்டியை. ஆடிக் கொடைக்கு எது போகிறது? பெரிய கிடா. பக்ரீத்துக்கு, தீபாவளிக்கு எது போகிறது? அதுவும் நல்ல கிடாதான். வேண்டாம் என்று அவர் ஒதுக்கியது நம் பட்டியில் நிற்கிறது. விற்காமல் நின்றதே அடுத்த வருடத்துக் குட்டிகளுக்கெல்லாம் தகப்பன் ஆகிறது. மனிதன் பத்தாயிரம் வருடத்துக்கு மேலாக ஆடு வளர்க்கிறான். மேற்கே துருக்கி, ஈரான் பக்கத்து மலைகளில் காட்டுச் செம்மறியைப் பிடித்துப் பழக்கியதிலிருந்து, நல்லதை நிறுத்தி மற்றதை விற்றுத்தான் ஒவ்வொரு ஊருக்கும் ஏற்ற இனம் உருவானது. ரோமத்துக்கு ஓர் ஆடு, பாலுக்கு ஓர் ஆடு, கறிக்கு ஓர் ஆடு. நாமோ அதையே தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். நல்லதை விற்று நோஞ்சானை நிறுத்துகிறோம். அதுவும் தெரிவுதான் அக்கா. சின்ன ஆடாகத் தெரிந்தெடுக்கிறோம்.

என் மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தக் காலத்தில் கிடை போட்ட குடும்பம். மருத்துவர் ஐயா சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். "இதுக்கு ஒரு டாக்டர் வேணுமாக்கும்? நாங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்க கிடாவ மாத்திக்கிருவோம். பக்கத்துக் கிடைக்காரன்கிட்ட நம்ம கிடாவக் குடுத்துட்டு அவன் கிடாவ ஓட்டிட்டு வருவாக ஒங்க மாமா. நீ காசு பாத்துட்டு கிடாவ மறந்துட்ட தாயி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏன் அத்தை அப்பவே சொல்லலை என்று கேட்டேன். "நீ கேட்டியா?" என்றார். கேட்கவில்லை.

அவர் கிடா தேர்ந்தெடுக்கும் முறையும் சொன்னார். தாய்க்கு மடி நல்லா இருக்கணும், தாய் வருசம் தவறாம ஈனணும், கோடையில வயிறு ஒட்டாம நடக்கணும். அதுக்குப் பிறந்ததுல கால் நேரா, தாடை சேர்ந்து, ரெண்டு விதையும் ஒத்து இருக்கிறதை நிறுத்தணும். குட்டியைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணாதே, தாயைப் பார் என்றார். பயிற்சியிலும் இதையேதான் சொன்னார்கள். மூன்று மாதக் குட்டி எடை கூடுதலாக இருப்பதில் பாதிக்கு மேல் தாய்ப்பாலும் தீனியும் பிறந்த பருவமும் செய்கிற வேலை. பிறவியில் வருவது அதற்கும் குறைவு. அதனால் ஒரே மாதத்தில் பிறந்த குட்டிகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இரட்டையாகப் பிறந்தது எடை குறைவாகத்தான் நிற்கும், அதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது.

நம் ஊர் ஆடு ஒன்றும் ஏப்பைசாப்பை இல்லை. நம் பக்கத்தில் வேம்பூர் ஆடு இருக்கிறது. கீழக்கரிசல் இருக்கிறது, செம்மண் நிற உடம்பில் வயிறும் காலும் கறுத்து. இராமநாதபுரம் வெள்ளை, செவ்வாடு, மதுரைப் பக்கம் கச்சைகட்டிக் கருப்பு. மேற்கே சேலம், ஈரோட்டில் மேச்சேரி. அதன் தோலுக்குத் தோல் தொழிலில் தனி மதிப்பு. வடக்கே சென்னைச் சிவப்பு, நடுவே திருச்சிக் கருப்பு, அப்புறம் கோயம்புத்தூர் ஆடு. மலையில் நீலகிரி ஆடு. தமிழ்நாட்டின் செம்மறி இனங்களை அரியானாவில் கர்னாலில் உள்ள தேசிய மரபு வள நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. இவற்றில் நீலகிரி ஆடு, மென்மையான ரோமம் தருவது, இன்று அழியும் நிலைக்கு வந்துவிட்டது. ரோமத்துக்கு விலை போனதும் வளர்ப்பவர் குறைந்தார்கள், ஆடும் குறைந்தது.

சின்ன ஆடுதானே, போனால் போகட்டும் என்று நினைப்பவர்களுக்கு, பயிற்சியில் கேட்ட ஒரு கதை. வங்காளத்தில் சுந்தரவனச் சதுப்பு நிலத்தில் கரோல் என்று ஒரு செம்மறி. பத்துப் பதினைந்து கிலோதான் நிற்கும். யார் மதிப்பார்கள் அதை? ஆனால் அது இரட்டை, மூன்று என்று ஈனும். ஆஸ்திரேலியாவில் பூருலா மெரினோ என்ற ஆடு இப்படிக் குட்டி போடுவது ஏன் என்று பல வருடம் ஆராய்ந்தார்கள். 2001-ல் அதற்குக் காரணமான ஒற்றை மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் நம் கரோல் ஆட்டிலும் இருந்தது. 1790-களில் வங்காளத்திலிருந்து கப்பலில் போன ஆடுகள் வழியாகத்தான் அது அங்கே போயிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் பல்டன் என்ற ஊரில் உள்ள நிம்ப்கர் ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் கரோலிலிருந்தே அந்தக் குணத்தை எடுத்துத் தங்கள் தக்காணி ஆட்டுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சின்ன ஆட்டை வங்காளத்துப் பெண்கள் கைவிட்டிருந்தால் இதெல்லாம் எங்கிருந்து வரும்? நம் பொட்டு ஆட்டுக்குள் என்ன இருக்கிறதோ, அதை யாரும் இன்னும் முழுசாகத் திறந்து பார்க்கவில்லை. சித்திரை வெயிலில் கரிசல்காட்டில் உடைநெற்றும் காய்ந்த தட்டையும் தின்றுவிட்டுப் பத்து மைல் நடந்து திரும்புகிறதே, அதுவே எனக்குப் பெரிய சொத்தாகத் தெரிகிறது.

இப்போது செயற்குழுவில் ஒரு பேச்சு ஓடுகிறது. வெளியூரிலிருந்து பெரிய இனக் கிடா வாங்கி எல்லா ஊருக்கும் விடலாம், குட்டி இரண்டு மடங்கு எடை வரும் என்று ஒரு வியாபாரி சொல்லியிருக்கிறார். நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கவில்லை. முதல் தலைமுறைக் கலப்புக் குட்டி நன்றாகத்தான் வளரும். ரத்தம் தூரமாக இருப்பதால் அந்த ஊக்கம் வரும். கறிக்கு விற்க அது சரி. ஆனால் அந்தக் கலப்பு மறியைத் தாயாக நிறுத்தினால் அடுத்தடுத்த தலைமுறையில் அந்த ஊக்கம் குறையும். பெரிய உடம்புக்குத் தீனியும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். பங்குனி, சித்திரையில் யார் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, சொல்லுங்கள். எல்லா ஊரிலும் அதையே விட்டுவிட்டால் பத்து வருடத்தில் திரும்பிப் போக வேம்பூர் மறி ஒன்றும் இருக்காது. அதனால் விற்கிற குட்டிக்கு வேண்டுமானால் கலப்பு, தாயாடு எப்போதும் நம் ஆடு. இது என் கருத்து.

அப்புறம் என் கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2020-ல் இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு கிடைக்காரரிடம் போய், என் ஆட்டோடு ஒட்டுறவில்லாத வேம்பூர் கிடா ஒன்று வாங்கினேன். மகளின் கொலுசை அடகு வைத்துத்தான் வாங்கினேன். சின்ன ராசாவைக் கறிக்குக் கொடுக்க மகள் விடவில்லை. ஒரே அழுகை. சரியென்று அடுத்த ஊர்க் குழுவில் இருக்கும் மதினி ஒருவருக்கு நிலவரத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் மறிகள் வேறு ரத்தம். அங்கே சின்ன ராசாவுக்குப் பிறந்த குட்டிகள் துள்ளிக்கொண்டு நின்றன! போய்ப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிடாவின் மேல் குற்றமே இல்லை. நான் அதை நிறுத்திய இடம்தான் தப்பு.

என் பட்டியில் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சினை பிடிக்காத மறிகளை விற்றேன். ஆனாலும் அடுத்த ஈற்றில் குட்டி சாவு இரண்டோடு நின்றது. கொலுசு திரும்பி வந்தது. 2022-ல் கடன் முடிந்தது. எனக்காகப் பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் அவர்கள் போட்டதை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது கூட்டமைப்பிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தனியாக யாராலும் இதைச் செய்ய முடியாது. இருபது மறி வைத்திருப்பவள் மூன்று கிடா வைக்க முடியுமா? தீனி கொடுத்தே அழிந்துபோவாள். ஆனால் நம் ஐந்து ஊரிலும் சேர்த்து முந்நூறு வேம்பூர் மறிக்கு மேல் இருக்கிறது. ஊருக்கு மூன்றாகப் பதினைந்து கிடா நிறுத்தினால், அதே கணக்குப்படி ஐம்பத்தேழு வருகிறது. தனியாக இருந்தபோது நாலு, சேர்ந்தால் ஐம்பத்தேழு. வாரம் பத்து ரூபாய் சேமிப்பு தனியாக ஒன்றுக்கும் ஆகாது, சேர்த்தால் வங்கியே வாசலுக்கு வரும் என்று நமக்குத் தெரியாதா?

அதற்கு நாலு ஏற்பாடு போதும். முதலாவது, ஒரு ஊரில் பிறந்த கிடா அந்த ஊரில் பொலிகிடாவாக நிற்கக் கூடாது. வரிசைப்படி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இரண்டாவது, எந்தக் கிடாவும் ஒரே பட்டியில் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அதற்குள் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும். மூன்றாவது, பொலிக்கு வைக்காத கிடாக்குட்டிகளை ஐந்து மாதத்துக்குள் பிரித்துவிட வேண்டும், அல்லது காயடித்துவிட வேண்டும். ஆறு மாதக் குட்டிதானே என்று விட்டால் அது தாயையே சினையாக்கிவிடும். காதில் எண் வில்லையும், ஒரு நோட்டும் வேண்டும். பிறந்த தேதி, தாய் எண், தகப்பன் எண், ஒற்றையா இரட்டையா, மூன்று மாத எடை. நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.

நாலாவதுதான் முக்கியம். நல்ல கிடாக்குட்டியை ஒரு ஏழைப் பெண் ஏன் விற்கிறாள்? பேராசையில் இல்லை. மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், மருந்து வாங்க வேண்டும். வியாபாரி ரொக்கம் நீட்டும்போது, இனம் காக்கிறேன் என்று அவளால் சொல்ல முடியாது. அதனால் வருடம் ஊருக்கு ஒன்றிரண்டு நல்ல கிடாக்குட்டியைச் சந்தை விலைக்கே கூட்டமைப்பு வாங்கட்டும். சுழல்நிதியில் ஒரு சின்னப் பங்கு ஒதுக்கினால் போதும். அது கூட்டமைப்பின் கிடா. வயதானதும் விற்றால் போட்ட பணமும் திரும்பும். அவளுக்கும் நட்டம் இல்லை, நம் கிடைக்கும் நட்டம் இல்லை.

இதை இன்றைக்கே தீர்மானமாகப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். ஆனால் இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஆட்டை அடைக்கும்போது, உங்கள் கிடாவை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இது எங்கே பிறந்தது, இதன் அப்பன் யார் என்று கேளுங்கள். பதில் "நம்ம வீட்லதான்" என்று வந்தால், நாளைக்கே என்னிடம் வாருங்கள். என் கிடாவுக்கு இந்த ஆனியோடு இரண்டு வருடம் முடிகிறது. மாற்றிக்கொள்ள நான் தயாராக இருக்கிறேன்.